பட்ட காயம் மட்டும் தகுதி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் சிகிச்சையாளர் ஒருவரின் வாழ்க்கைப் பயணம் பற்றித் தங்கள் ஞாயிறு பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. நெகிழ்ச்சியாக எழுதியிருந்தார்கள். இளவயதில் பட்ட துயரம், அதிலிருந்து மீண்டது, மீண்டபின் இதே துறைக்கு வந்தது என்று முக்கால் பக்கத்துக்கு மேல். அறைக்குள் அவர் என்ன செய்கிறார் என்பதற்கு மட்டும் ஒரே வரி. வருகிறவர்களின் வலியைத் தன் வலியாகவே உணர்கிறாராம். அந்த ஒரு வரிதான் இத்துறையில் வேலை செய்யும் எங்களில் சிலரைச் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

வருகிறவர் வலியைத் தன் வலியாகவே உணர்கிறவர் சில மாதம் தாக்குப்பிடிப்பார். அப்புறம் அவருக்கே தூக்கம் போய்விடும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் மனத்தில் மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் அமைய வேண்டும் என்றார். அவற்றில் மூன்று சிகிச்சையாளரைப் பொறுத்தவை: உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இல்லாதிருப்பது, நிபந்தனை போடாமல் எதிரே இருப்பவரை மதிப்பது, அவர் உலகத்தை அவர் நிற்கும் இடத்திலிருந்து புரிந்துகொள்வது. மூன்றாவதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்திருக்கிறார். அந்த உலகம் தன்னுடையது 'போல' உணர வேண்டும். அந்தப் 'போல'வைத் தொலைத்துவிடக் கூடாது. பயிற்சிக் காலத்தில் பாதி இந்த ஒரு சொல்லைக் காப்பாற்றக் கற்பதிலேயே போகிறது.

சொந்தக் காயத்தால் பயன் உண்டு. பட்டவருக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் கண்ணில் படும். வெட்கம் ஒருவரை எப்படிப் பேசவிடாமல் செய்யும், "நல்லா இருக்கேன்" என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதெல்லாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயம்பட்டவரே வைத்தியராவது என்ற கருத்தை சுவிஸ் மனநல மருத்துவர் யுங் விரிவாகப் பேசியிருக்கிறார். ஆனால் அதே காயம் கண்ணை மறைப்பதும் உண்டு. குடிக்கும் தகப்பன் வீட்டிலிருந்து வெளியேறிப் பிழைத்த ஒரு சிகிச்சையாளரை வைத்துக்கொள்வோம். அதே போன்ற வீட்டிலிருந்து ஒரு பெண் வருகிறார். முதல் பத்து நிமிடத்திலேயே சிகிச்சையாளருக்குக் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது போல இருக்கும். கேள்விகள் குறையும், தலையாட்டல் கூடும், பேச்சு மெல்ல 'வெளியேறுவது எப்படி' என்ற திசைக்குப் போகும். வந்த பெண்ணுக்கு வெளியேறும் எண்ணமே இல்லாமல் இருக்கலாம். அப்பாவிடம் பயப்படாமல் ஒரு வார்த்தை பேச முடிந்தால் போதும் என்று வந்திருக்கலாம். அவர் நாலாவது வாரம் வராமல் போவார். இவர் அதற்கு 'மனத்தடை' என்று பெயர் வைப்பார்.

இன்னொரு கோளாறு, தான் மீண்ட வழியையே எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது. தியானத்தால் தேறியவர் தியானம் சொல்வார். பலருக்கு உதவும்தான். ஆனால் கொடுமைக்கு ஆளானவர்களில் சிலர் கண்ணை மூடி மூச்சைக் கவனித்த மாத்திரத்தில், அடக்கி வைத்த காட்சிகள் எல்லாம் மேலெழுந்து உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். அவர்களுக்குத் தேவை கண் திறந்த பயிற்சி: பாதத்தைத் தரையில் அழுத்துவது, எதிரே தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுவது, குளிர்ந்த எதையாவது கையில் பிடிப்பது. சிகிச்சையாளர் தேறிய வழி அவருடைய உடம்புக்கும் வரலாற்றுக்கும் பொருந்தியது. அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

1910-லேயே, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் இதைத் தொட்டிருக்கிறார்: தன் உள்முடிச்சுகளும் தடைகளும் விடும் தூரத்துக்கு மேல் எந்தப் பகுப்பாய்வாளரும் போக முடியாது என்று. அதனால்தான் பகுப்பாய்வு மரபில் பயிற்சி பெறுகிறவர் முதலில் தானே ஒருவரிடம் சிகிச்சைக்குப் போக வேண்டும். மற்ற மரபுகளில் அது கட்டாயம் இல்லாவிட்டாலும் மேற்பார்வை, அதாவது சூப்பர்விஷன், எல்லா மரபிலும் உண்டு. பிரிட்டனில் சிகிச்சையாளர்களின் தொழில் சங்கமான பிஏசிபி தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று நெடுங்காலம் வைத்திருந்தது. மேற்பார்வை என்றால் தலைமை அதிகாரியிடம் கணக்குக் காட்டுவது என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. வருகிறவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு பதிவு செய்த அமர்விலிருந்து ஒரு பத்து நிமிடத் துண்டை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து கேட்பது. "இந்த இடத்தில் அவர் அழ ஆரம்பித்ததும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று அவர் கேட்பார். பதில் பெரும்பாலும் சிகிச்சையாளரின் சொந்தக் கதையில் இருக்கும். அந்தக் கதை வெளியே வர வேண்டிய அறை அதுதான்.

தன் அனுபவத்தை வருகிறவரிடம் சொல்லவே கூடாதா என்று பயிற்சி பெறுகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். சொல்லலாம். ஒன்றிரண்டு வாக்கியம், ஏற்கெனவே ஆறிப்போன விஷயம், சொல்லி முடித்ததும் பேச்சு உடனே வந்தவரிடம் திரும்ப வேண்டும். சொல்லி முடித்தபின் அவர் "ஐயோ, உங்களுக்கா அப்படி?" என்று நமக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் தவறு நடந்துவிட்டது என்று பொருள். அடுத்த வாரத்திலிருந்து அவர் நம் மனம் நோகாதபடி பார்த்துப் பார்த்துப் பேசுவார்.

சொந்த அனுபவத்துக்கு அடுத்தபடியாகக் கட்டுரைகளில் வருவது வருடக்கணக்கு. இருபது வருட அனுபவம், முப்பது வருட அனுபவம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு 170 சிகிச்சையாளர்களிடம் வந்த ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பலன்களைப் பல ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து பார்த்தது. வருடம் கூடக் கூட, தொடக்கத்திலேயே விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் சராசரிப் பலன் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் இறங்கவே செய்தது. ஆச்சரியப்பட இதில் அதிகம் இல்லை. இந்தத் தொழிலில் தவறு செய்தால் சத்தம் கேட்காது. பாலம் கட்டுபவருக்குப் பாலம் இடிவது தெரியும். எங்களிடம் தவறு என்பது அடுத்த வாரம் காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அதற்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே உண்மையில் கேட்க வேண்டியது, அறைக்குள் என்ன நடக்கிறது என்பதே.

முதல் சந்திப்பு பொதுவாக 50 நிமிடம். சிலர் 90 நிமிடம் வைத்துக்கொள்வார்கள். தொடங்கியதும் ரகசியம் காப்பது பற்றிச் சொல்ல வேண்டும். ரகசியம் எங்கே முடியும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு. இதைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அவர் மனம் திறந்து சொன்னபின் "இதை நான் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்" என்கிற நிலை வரும். அதைவிடத் துரோகமாகத் தோன்றும் காரியம் வேறில்லை. பிறகு கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ஏன் இப்போது என்பது. ஐந்து வருடமாக இருக்கும் பிரச்சினைக்கு இந்த மாதம் ஏன் வந்தார்? நாங்கள் பார்த்தவரை, வேலை தொடங்க வேண்டிய இடம் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. தூக்கம், பசி, குடி, மாத்திரைகள், முன்பு எடுத்த சிகிச்சை, அது எதனால் நின்றது என்பதும் அன்றே தெரிய வேண்டும். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியோ பதற்றம் மாதிரியோ தோற்றம் காட்டக்கூடியவை. ஆகவே அண்மையில் இரத்தப் பரிசோதனை செய்யாதவரை அதற்கு அனுப்பாமல் ஆறு மாதம் பேசிக்கொண்டே இருப்பது பொறுப்பில்லாத வேலை.

இலக்கு பேசும் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். "நிம்மதியா இருக்கணும்" என்று வருகிறவர் சொல்வார். உண்மைதான், ஆனால் அதை வைத்து வேலை செய்ய முடியாது. "நிம்மதி வந்துடுச்சுன்னு வைங்க. மறுநாள் காலைல நீங்க செய்யுற எதைப் பார்த்து உங்க வீட்ல இருக்கவங்க அதைக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டால் ஏதாவது ஒன்று கிடைக்கும்: "ஏழு மணிக்கு எந்திரிச்சிருப்பேன்", "அக்கா போன் பண்ணா எடுப்பேன்". இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவர் சொன்ன அதே வார்த்தையில். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல், சிகிச்சை உறவு என்பதை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. அன்பாகப் பேசுகிறார் என்பது மூன்றாவது மட்டுமே. அன்பான சிகிச்சையாளரிடம் இரண்டு வருடம் போய், எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே இருப்பவர்கள் நிறைய.

இங்கே ஒரு சொல் விவகாரம். 'ஆலோசகர்' என்ற பெயரே வருகிறவரைத் தவறாக எதிர்பார்க்க வைக்கிறது. ஆலோசனை கேட்டு வருகிறார்கள், கிடைக்காவிட்டால் ஏமாந்து போகிறார்கள். 'ஆற்றுப்படுத்துநர்' என்று இன்னொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. மேடைச் சொல்லாகத் தோன்றினாலும் வேலைக்குப் பொருத்தம். ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைப் பாடல்களில் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வருகிற கலைஞனை வழிப்படுத்துகிறான். கல் எங்கே வழுக்கும், குழி எங்கே இருக்கும் என்பது வரை சொல்லும் பாடலும் உண்டு. நடக்க வேண்டியவன் என்னவோ எதிரே வந்தவன்தான்.

அடுத்தது அளவை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறோம். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற தாள் இருக்கிறது: கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய அளவு. ஐந்து புள்ளி இறங்கினால் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். பதற்றத்துக்கு ஜிஏடி-7, ஏழு கேள்வி, மொத்தம் 21. நிரப்ப மூன்று நிமிடம் ஆகாது. இதை ஒவ்வொரு வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ வாங்கிப் பார்க்கச் சொன்னால் மூத்த சிகிச்சையாளர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். "எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்." தெரியாது என்பதே ஆய்வு சொல்வது. 2005-இல் வெளியான ஒன்றில், வருகிற 550 பேரில் யார் யார் மோசமடைவார்கள் என்று சிகிச்சையாளர்களிடமே கேட்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது 3 பேரை. மோசமானவர்கள் 40 பேர். சொன்ன மூவரில் சரியாக அமைந்தது ஒருவர்.

தாளை வாங்கி உறைக்குள் போடுவதும் தவறு. இருவருமாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப் போகலாம் அல்லது தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது இருந்தாலும் அன்றைய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்தது ஆகிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. அப்படி ஆவதில்லை என்பது தெளிவாகிவிட்ட விஷயம். "தப்பான எண்ணம் ஏதும் வருதா?" என்று சுற்றி வளைத்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "செத்துடலாம்னு தோணியிருக்கா?" என்று கேட்க வேண்டும். தோன்றியிருந்தால், ஸ்டான்லியும் பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் போல ஒன்றை அன்றே, அவர் கையெழுத்திலேயே எழுத வேண்டும்: எண்ணம் வலுக்கப் போகிறது என்பதை எது காட்டும், தனியாக இருந்தால் என்ன செய்வது, மனத்தைத் திருப்ப யாரோடு, எங்கே இருப்பது, உதவி என்று வாய்விட்டு யாரிடம் கேட்பது, எந்த மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பது, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து யார் அப்புறப்படுத்துவது. கடைசியாகச் சொன்னது பல நேரம் விட்டுப்போகிறது. உயிரைக் காப்பதில் அதன் பங்கு பெரிது. "இனி அப்படிச் செய்ய மாட்டேன்" என்று சத்தியம் வாங்குவதால் ஒரு பயனும் இல்லை. சிகிச்சையாளர் நிம்மதியாகத் தூங்கலாம், அவ்வளவே.

செய்முறை எப்படி இருக்கும் என்று காட்ட, பேனிக் அட்டாக் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உயிர் போகிறது என்று தோன்றும். இதய மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார். டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கியபடி, இங்கே சுழல் ஒன்று ஓடுகிறது: உடம்பில் சாதாரண மாற்றம், அதை ஆபத்து என்று படிப்பது, அந்தப் பயத்தால் படபடப்பு கூடுவது, கூடிய படபடப்பே ஆபத்துக்குச் சாட்சியாவது. இதை விளக்கினால் மட்டும் போதாது. மண்டைக்குப் புரியும், நெஞ்சுக்குப் புரியாது. ஆகவே அறையிலேயே அந்த உணர்வை வேண்டுமென்றே வரவழைக்கிறோம். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது, அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, அல்லது சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது. இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஆரம்பிக்கும் முன் அவர் தன் கணிப்பை எழுத வேண்டும்: "மயங்கி விழுவேன்." எவ்வளவு நம்புகிறார் என்று 0 முதல் 100 வரை ஒரு எண். பிறகு செய்கிறோம், கூடவே நாங்களும் செய்கிறோம். ஜோசப் வோல்ப்பே கொண்டுவந்த 0 முதல் 100 வரையான அளவுகோலில் பயம் எவ்வளவு என்று நடுநடுவே கேட்டு எழுதிக்கொள்கிறோம். 85 என்பார். மூச்சு சீரானபின் 60, அப்புறம் 40. "விழுந்தீங்களா?" "இல்லை." "விழுவேன்னு இப்ப எவ்வளவு நம்பிக்கை?" மறுபடி செய்கிறோம், அதே அமர்வில் மூன்று நாலு தடவை. அப்புறம் வீட்டில் தினமும்.

இது தோற்கும் இடங்கள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். பயம் உச்சியில் இருக்கும்போது சிகிச்சையாளர் பதறிப்போய் "போதும் போதும், ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று நிறுத்திவிடுவது முதலாவது. நிறுத்தியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு பாடம் கற்றுக்கொள்ளும்; போன தடவையை விடப் பயம் கூடும். அடுத்தது ரகசியத் துணைகள். சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், வாசலில் காத்திருக்கும் கணவர். இவை இருக்கும்வரை, 'இவற்றால்தான் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம் அப்படியே நிற்கும். மாத்திரையை ஒரு நாளும் விழுங்கியிருக்க மாட்டார், ஆனால் அது பையில் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார். ஒவ்வொன்றாக, அவர் சம்மதத்தோடு, விலக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்குகிறவரை விட்டு மக்கள் ஓடிப்போவதில் நியாயம் இருக்கிறது.

மனக்காயம், அதாவது டிரோமா விஷயத்தில் அவசரம் இன்னும் ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஷானே போட்ட மூன்று கட்ட வரைபடம் இன்றும் பலருக்கு அடிப்படை: முதலில் நிலைப்படுத்துவது, பிறகு நினைவுகளைக் கையாள்வது, பிறகு வாழ்க்கையோடு இணைப்பது. முதல் சந்திப்பிலேயே "எல்லாத்தையும் கொட்டிடுங்க, லேசாயிடும்" என்பது சினிமா வைத்தியம். பெரும் விபத்து முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை விவரமாகச் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வு முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னால் வரும் பாதிப்பை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதல்கூடச் செய்தது என்று தெரிந்தபின் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்னும் தயாராகவில்லை, இன்னும் தயாராகவில்லை என்று வருடக்கணக்கில் மூச்சுப் பயிற்சியிலேயே வைத்திருப்பது. பெரும்பாலும் தயாராகாதவர் சிகிச்சையாளர்தான். கேட்க அவருக்குப் பயம். எட்னா ஃபோவாவின் நீண்ட எதிர்கொள்ளல் முறை, அதாவது தவிர்த்துவரும் நினைவையும் இடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது, வழக்கமாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். நடந்ததைப் பற்றி மனத்தில் பதிந்துபோன எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் பாட்ரீஷியா ரெசிக்கின் முறை 12 அமர்வு. முடிவே இல்லாமல் இழுக்கும் வேலையாக இவை வகுக்கப்படவில்லை. நினைவைத் தொட்ட நாளில் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. அவர் இன்றைக்கு, இந்த அறைக்கு, தன் உடம்புக்குத் திரும்பிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். வீட்டுக்கு எப்படிப் போகிறார், வண்டி ஓட்டுகிறாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இனி, எந்த முறையிலும் வரும் ஒரு காட்சி. ஐந்தாவது வாரம். வீட்டில் எழுதி வரச் சொன்ன தாள் காலியாக இருக்கிறது.

"நேரமே இல்லை மேடம். சாரி."

"பரவால்ல, இந்த வாரம் எழுதிடுங்க" என்று புதியவர் விட்டுவிடுவார். அடுத்த வாரமும் காலியாகவே வரும், அதற்கடுத்த வாரம் ஆளே வராது. தேர்ந்தவர் அங்கேயே நிற்பார்.

"நேரம் இல்லைங்கிறது சரி. எனக்கு இன்னொண்ணும் தோணுது. நான் கொடுத்ததே உங்களுக்கு ஒத்துவரலையோன்னு. அப்படி இருந்தா தாராளமா சொல்லலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. இந்த அமைதியை நிரப்பாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். கடிகாரத்தில் பத்து விநாடிதான் ஆகியிருக்கும், பத்து நிமிடம் போல இருக்கும்.

"தப்பா நினைக்காதீங்க. அந்தத் தாளை எடுத்தாலே எங்கப்பா நோட்டை வாங்கித் திருத்துவாரே, அந்த மாதிரி இருக்கு."

"அப்ப நானும் அதே மாதிரிதான் அதை உங்ககிட்ட நீட்டியிருக்கேன். நான் கவனிச்சிருக்கணும். சொன்னது நல்லதாப் போச்சு."

விளக்கம் இல்லை, 'நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்ற தற்காப்பு இல்லை, 'இது உங்க அப்பா மேல் உள்ள கோபம்' என்ற கெட்டிக்காரத்தனமும் இல்லை. உறவில் விழுந்த விரிசல் இப்படித்தான் சரியாகும். பெரியவர் ஒருவரிடம் தன் மனக்குறையைச் சொல்லி, அடி வாங்காமல், ஒதுக்கப்படாமல் திரும்பும் முதல் அனுபவம் சிலருக்கு இந்த அறையில்தான் கிடைக்கிறது. அன்று அந்தத் தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு, போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னால் போதும். முறை மாறலாம். முறைக்காக மனிதரை இழக்கக் கூடாது.

எத்தனை அமர்வு ஆகும் என்று கேட்பவர்களுக்கு: 1986-இல் ஹோவர்டும் உடன்பணியாளர்களும் தொகுத்த கணக்கில் 8 அமர்வுக்குள் ஏறக்குறைய பாதிப் பேரும், 26-க்குள் முக்கால்வாசிப் பேரும் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் மாறும்தான். ஆனாலும் ஆறேழு வாரம் ஆகியும் பிஎச்க்யூ-9 போன்ற தாளின் மதிப்பெண்ணில் ஒரு அசைவும் இல்லை என்றால் உட்கார்ந்து பேச வேண்டும்: இலக்கு தவறா, முறை தவறா, நாங்கள்தான் பொருந்தவில்லையா, மனநல மருத்துவர் பார்த்து மருந்து தர வேண்டியதா. வேறொருவரிடம் அனுப்புவதைத் தோல்வி என்று எண்ணுகிறவர்கள்தான் வருகிறவரை அதிக நாள் கஷ்டத்தில் வைத்திருக்கிறார்கள். தூக்கமே இல்லாமல் நாலு நாளாக உற்சாகம் பொங்கப் பேசுகிறவரையோ, காதில் குரல் கேட்கிறது என்பவரையோ பேச்சு சிகிச்சையோடு மட்டும் நிறுத்திவைப்பது குற்றம் என்றே நாங்கள் சொல்வோம்.

முடிவையும் திட்டமிட வேண்டும். வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். கடைசி இரண்டு சந்திப்பில் அவர் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்வார்: திரும்பச் சரிகிறேன் என்பதற்கு முதல் அடையாளம் எது (பெரும்பாலும் தூக்கம், அல்லது போனை எடுக்காதது), அப்போது நான் செய்யும் முதல் இரண்டு காரியம் எவை, எத்தனை நாள் பார்த்துவிட்டு மறுபடி அழைப்பேன். பிரிவு வலிக்கும், இருவருக்கும். வருகிறவர் விடைபெறத் தயாரானபின்னும் அவரை விட மனமில்லாமல் புதுப்புதுப் பிரச்சினையைக் கிளறும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மேற்பார்வைதான் மருந்து.

எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை இப்படியொரு வாழ்க்கைக் கட்டுரையை வெளியிடும்போது கூடவே சில கேள்விகளையும் கேளுங்கள். யாரிடம், மாதம் எத்தனை மணி நேரம் மேற்பார்வைக்குப் போகிறார்? முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறார்? எந்தப் பிரச்சினைக்கு வருகிறவர்களை எடுத்துக்கொள்வதில்லை? கடைசியாக ஒருவரை வேறிடம் அனுப்பியது எதனால்? ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார்? ஐந்தாறு பேருக்கு மேல் போனால் கடைசியில் வருபவருக்குக் கிடைப்பது பாதிக் காதுதான். வாசகர்களும் முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போது இவற்றைப் போனிலேயே கேட்கலாம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவர் என்றால் அந்த அழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
உளவியல் சிகிச்சைத் துறையில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்